பதற்றம்: சொல்லும், அதிலிருந்து தேறும் வழியும்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் அக்கா இருக்கிறார். பால்மரத் தோட்டத்து லயத்தில் என்னோடு வளர்ந்தவர். ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் போன்.

"தம்பி, மனசு அடிச்சுக்குது. நெஞ்சை அடைக்குது. அவன் போன் எடுக்க மாட்டேங்குறான்."

மகன் ஈப்போ பக்கம் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்கிறான். மோட்டோவில் போய் வருபவன். ஏழரைக்கு வீட்டில் இருக்க வேண்டியவன் எட்டே காலுக்கு வந்து சேர்ந்தான். ஓவர்டைம், அவ்வளவுதான். அந்த முக்கால் மணி நேரத்தில் அக்காவுக்கு வாய் உலர்ந்து, விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்விட்டது. அந்த மாதத்தில் அது மூன்றாவது முறை. போன முறை மாரடைப்பு என்று பயந்து அவசரப் பிரிவுக்கே ஓடியிருந்தார்கள். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். "ஒண்ணும் இல்லன்னா எனக்கு ஏன் இப்படி வருது?" என்று அக்கா கேட்டதற்கு அங்கே யாரும் பதில் சொல்லவில்லை.

யூனிவர்சிட்டியில் படிக்கும் தங்கை மகள்தான் சொன்னாளாம்: "அது ஆங்சைட்டி, பெரியம்மா." அக்கா என்னிடம் கேட்டார், நான் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்தவன் என்பதால்: "அதுக்குத் தமிழ்ல என்ன தம்பி?"

பதற்றம். இதுதான் பதில். ஆனால் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் பயன் உண்டு.

ஆங்சைட்டி லத்தீனில் 'ஆங்கெரே' என்ற வினைச்சொல்லிலிருந்து வந்தது. நெரிப்பது, இறுக்குவது, குரல்வளையைப் பிடிப்பது என்று பொருள். இதய வலியைக் குறிக்கும் ஆஞ்சைனா அதே வேரில் பிறந்த சொல். ஜெர்மனில் 'ஆங்ஸ்ட்' என்று இருக்கிறது. 1895-ல் வியன்னா மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டு இந்த நிலையைத் தனியாகப் பிரித்து எழுதியபோது அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார். அதற்கும் இறுக்கம், குறுகல் என்பதே அடி. ஆக, அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு "நெஞ்சை அடைக்குது" என்று சொன்னதும் லத்தீன்காரர்கள் சொன்னதும் ஒன்றே. நாமும் கஷ்டத்தை 'நெருக்கடி' என்கிறோம் அல்லவா? இடம் குறுகிப்போவதுதான் அங்கேயும் துன்பத்தின் பெயர்.

தமிழில் இதற்கு நெருக்கமாக மூன்று சொற்கள் உண்டு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடக் கூடாது.

அச்சத்துக்கு முன்னால் ஒரு பொருள் இருக்கும். செம்பனை எனும் எண்ணெய்ப்பனைக் காட்டில் காலடியில் நாகம் படமெடுத்தால் வருவது அச்சம். அது வர வேண்டும், வராவிட்டால்தான் ஆபத்து.

கவலை வேறு. இந்தச் சொல்லை எனக்கு மிகவும் பிடிக்கும். சங்க இலக்கியத்தில் கவலை என்றால் வழி பிரியும் இடம். கவடு, கவட்டை, கவர் எல்லாம் இதோடு சேர்ந்தவை. கவட்டைக் கம்பு இரண்டாகப் பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் போகும் பாதை சிவனின் சூலம்போல மூன்றாகப் பிரிவதை 'அருநெறி கவர்க்கும்' என்று இளங்கோவடிகள் எழுதுகிறார். செம்பனைத் தோட்டத்துக்குள் வழி தெரியாமல் போனவர்களுக்கு இது புரியும். ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி செம்மண் பாதை, மூன்று பக்கமும் பிரிகிறது. எதில் போவது என்று கால் எடுக்க முடியாது. மனம் அப்படி நிற்பது கவலை. 'இப்படி ஆகிவிட்டால்? இல்லை, அப்படி ஆகிவிட்டால்?' என்று பிரிந்துகொண்டே போகும். திருக்குறளின் ஏழாவது குறளிலேயே 'மனக்கவலை' வந்துவிடுகிறது.

பதற்றம் உடம்பையும் சேர்த்துச் சொல்கிற சொல். பதறு என்ற வினையிலிருந்து வந்தது. மாறு மாற்றம் ஆவதுபோல, ஏறு ஏற்றம் ஆவதுபோல, பதறு பதற்றம் ஆகும். பேச்சில் பதட்டம் என்கிறோம். பத்திரிகையிலும் அப்படி அச்சாகிறது. எழுதும்போது பதற்றம் என்பதே சரி. இலங்கையில் உளவியல் எழுதுபவர்கள் பதகளிப்பு என்பார்கள். அதுவும் நல்ல சொல்தான், ஆனால் எங்கள் ஊரில் யாருக்கும் பழக்கமில்லை.

பதற்றத்துக்குப் பழைய அகராதிப் பொருள் அவசரம், நிதானமின்மை. என் பாட்டி அந்தப் பொருளில்தான் சொல்வார். விடியற்காலை பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ரப்பர் மரம் வெட்டப் (பட்டையைச் சீவிப் பால் இறக்கப்) போகிறவர்களுக்கு வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். நேரமானால் பால் வடிவது குறைந்துவிடும். அந்த அவசரத்தில் கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் பட்டையைத் தாண்டிக் கட்டை காயப்படும். அந்த இடத்தில் பட்டை திரும்ப ஒழுங்காக வளராது. கங்காணி பார்த்தால் அவ்வளவுதான். பால் வடியும் கிண்ணமான மங்கிலிருந்து வாளிக்கு ஊற்றும்போதும் அதே கதை. "பதறாத, சிந்திரும்" என்பார் பாட்டி. 'பதறாத காரியம் சிதறாது' என்ற பழமொழியை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே ரப்பர் தோட்டத்தில் கேட்டுவிட்டேன்.

சரி, அக்காவின் விரல் ஏன் மரத்தது? இதை யாராவது அன்றே அவருக்குச் சொல்லியிருக்கலாம். ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வேகமாகிறது. ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ உடம்பு தயாராகிறது. ஆனால் அக்கா எங்கேயும் ஓடவில்லை, கேட்டருகில் நிற்கிறார். ஓடாமலே வேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். அதனால் விரல் மரக்கும், உதடு குறுகுறுக்கும், தலை கிறுகிறுக்கும், நெஞ்சு இறுகும். அதைப் பார்த்து 'ஐயோ, மாரடைப்பு' என்று மனம் அலறும். அந்த அலறலில் இன்னும் கொஞ்சம் அட்ரினலின். இந்தச் சுழலை 1986-ல் டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் தெளிவாக எழுதினார்: உடம்பில் தோன்றும் சாதாரண மாற்றத்தைப் பேராபத்தாகப் படித்துவிடுவதுதான் திடீர்ப் பீதியை வளர்க்கிறது. நம் ஆட்கள் அதை 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று முடித்துவிட்டார்கள். பேய் வெளியே இல்லை என்பது உண்மை. ஆனால் அரண்டது உண்மையான உடம்பு. 'ஒன்றும் இல்லை' என்ற பதில் பாதிதான் சரி. இதயத்தில் ஒன்றும் இல்லை, பதற்றம் இருக்கிறது.

இனி அடுத்த சொல்லுக்கு வருவோம். இதற்குப் பரவலாகச் செய்யப்படும் மருத்துவம் சி.பி.டி. (Cognitive Behavioural Therapy) என்பது. அதைத் தமிழில் 'அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை' என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அக்காவிடம் போய் உங்களுக்கு அறிவாற்றல் சிகிச்சை வேண்டும் என்றால், "எனக்கு அறிவில்லன்னு சொல்றீங்களா?" என்றுதான் கேட்பார். 'காக்னிட்டிவ்' என்பதற்குச் சிலர் 'புலனுணர்வு' என்று எழுதுகிறார்கள். புலனுணர்வு என்பது கண், காது சம்பந்தப்பட்டது. அது தவறான மொழிபெயர்ப்பு. 'அறிகை' மூலச்சொல்லுக்கு நெருங்கி வருகிறது, ஆனால் பேச்சில் இல்லை. இந்தச் சிகிச்சை கையில் எடுப்பது எண்ணத்தை. ஆகவே எண்ண நடத்தைச் சிகிச்சை என்றே நான் சொல்கிறேன்.

அப்படிச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் எண்ணுவது என்றால் நினைப்பது, கணக்கிடுவது இரண்டும்தான். இந்தச் சிகிச்சையில் இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவராக இருந்த ஆரன் பெக், 1960-களில் தன் நோயாளிகளிடம் ஒன்றைக் கவனித்தார். மனம் வாடும் நேரத்தில் அவர்களுக்குள் ஓர் எண்ணம் தானாக, மின்னல்போல ஓடிவிடுகிறது. அதை அவர்கள் எண்ணமாகப் பார்ப்பதில்லை, நடந்த உண்மையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணத்தைப் பிடித்து வெளியே வைத்து, ஆதாரம் கேட்பதுதான் அவர் காட்டிய வழி. 1921-ல் பிறந்தவர், 2021-ல் இறந்தார். தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப் பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். பயத்தை எண்ணிப் பார்க்கலாம் என்பதே பலருக்குப் பாதி ஆறுதல்.

அக்காவுக்கு நான் கொடுத்தது ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம். நான் மருத்துவன் இல்லை. ஆனால் இந்தப் பயிற்சி யாரும் வீட்டிலேயே தொடங்கக்கூடியது. பக்கத்தை நான்காகக் கோடு போட்டேன். என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, உடம்பு என்ன செய்தது, நான் என்ன செய்தேன்.

முதல் பக்கத்தில் அக்கா எழுதியது இது. நடந்தது: 'மணி 8. போன் எடுக்கல.' ஓடியது: 'லாரிக்காரன் அடிச்சிட்டான்.' அதை எவ்வளவு நம்புகிறீர்கள் என்று கேட்டேன். 90 என்று போட்டார். உடம்பு: நெஞ்சு, விரல், வாய். செய்தது: 14 தடவை போன் அடித்தேன்.

எழுதி முடித்ததும் முதல் கட்டத்தையும் இரண்டாவது கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்தது போன் எடுக்காதது மட்டும்தான். லாரி இரண்டாவது கட்டத்தில்தான் இருக்கிறது. அதுவரை இரண்டும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன.

அப்புறம் ஆதாரம். லாரி அடித்திருக்கும் என்பதற்கு என்ன சாட்சி? அந்த ரோட்டில் லாரி ஓடுகிறது. அவன் நேரத்துக்கு வரவில்லை. அடிக்கவில்லை என்பதற்கு? இந்த மாதம் ஆறு முறை தாமதம், ஆறும் ஓவர்டைம். வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது அந்த ஃபேக்டரியின் விதி. இவ்வளவையும் எழுதிய பிறகு மறுபடி மதிப்பெண் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு 40 என்று எழுதினார்.

40. பூஜ்யம் இல்லை. பூஜ்யம் ஆக வேண்டியதும் இல்லை. 'நல்லதையே நினை' என்று சொல்வதோடு இதைச் சேர்த்துவிடாதீர்கள். அது எண்ணத்துக்கு வெள்ளையடிப்பது. இது எடை போடுவது. எடை போட்டபோது ஆபத்துக்கு இடம் இருக்கிறது என்று தெரிந்தால் அதற்கானதைச் செய்ய வேண்டும். ஓவர்டைம் என்றால் முன்கூட்டியே ஒரு மெசேஜ் போடுவதென்று அம்மாவும் மகனும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

நான்காவது கட்டம்தான் கடினமானது. 14 முறை போன் அடித்ததும் மகன் பத்திரமாக வந்துவிட்டான். மனம் என்ன கற்றுக்கொள்கிறது? 'நான் அடித்துக்கொண்டே இருந்ததால்தான் வந்தான்' என்று. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் அடிக்கச் சொல்லும். பயந்த இடத்துக்குப் போகாமல் இருப்பதும் அப்படித்தான். மலாயில் சிப்புட் என்றால் நத்தை. எங்கள் ஊரின் பெயரே நத்தை ஆறு. தொட்டால் நத்தை ஓட்டுக்குள் போய்விடும். உள்ளே இருக்கும்வரை வெளியே ஆபத்து நீங்கியதா என்று அதற்குத் தெரிய வழியில்லை. மனிதனும் அப்படித் தவிர்த்துக்கொண்டே போனால் பயம் குறைவதைப் பார்க்கும் வாய்ப்பே வராது. அதனால் படிப்படியாகப் போக வேண்டும். அக்கா முதலில் போன் அடிக்காமல் 10 நிமிடம் இருந்தார். அடுத்த வாரம் 20. ஒவ்வொரு முறையும் பயம் ஏறி, உச்சிக்குப் போய், அவர் ஒன்றும் செய்யாமலே இறங்கியது. இறங்கும் என்று நான் ஆயிரம் முறை சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார். கையில் போனை வைத்துக்கொண்டு அடிக்காமல் உட்கார்ந்திருந்ததுதான் அவரை நம்ப வைத்தது.

மூச்சை மெதுவாக விடுவது உதவும், குறிப்பாக உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக வைத்தால். ஓயாத கவலைக்குத் தினமும் அரை மணி நேரம் ஒதுக்கி, மற்ற நேரத்தில் வருவதை அந்த நேரத்துக்குத் தள்ளிவைக்கும் முறையை 1983-ல் அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக் குழுவினர் எழுதினார்கள். அக்கா அதற்கு மாலை ஐந்தரையை வைத்துக்கொண்டார். சாமி விளக்கு ஏற்றும் முன்.

இப்படித் தன்னைத் தானே சரி செய்துகொள்வதைச் 'சுய குணப்படுத்தல்' என்று எழுதுகிறார்கள். அது மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும் சொல். நம்மிடம் தேறு என்ற சொல் இருக்கிறது. காய்ச்சல்காரர் தேறிவிட்டார் என்கிறோம். பரீட்சையில் தேறினான் என்கிறோம். பழந்தமிழில் தேறுவது என்றால் தெளிவது, நம்புவது. பதறு பதற்றம் ஆன அதே இலக்கணத்தில் தேறு தேற்றம் ஆகும். கணக்குப் பாடத்தில் பிதாகரஸ் தேற்றம் என்று படித்தோமே, அதே தேற்றம்தான்: சான்று காட்டி உறுதி செய்தது. பதற்றத்துக்கு எதிர்ச்சொல் கேட்டால் பலரும் அமைதி என்பார்கள். நான் தேற்றம் என்பேன். அமைதி தானாக வந்து போகும். தேற்றம் ஒவ்வொரு கட்டமாக எழுதி அடைவது.

நோட்டுப் புத்தகம் போதாத நேரமும் உண்டு. நெஞ்சு வலி முதல் முறை வந்தால் பதற்றம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தைராய்டு அதிகமானாலும் இதே படபடப்பும் நடுக்கமும் வரும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தூக்கம் கெட்டு, வேலைக்குப் போக முடியாமல் வாரக்கணக்கில் நீண்டால் தள்ளிப்போடாமல் கிளினிக் கெசிஹாத்தான் எனும் அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போகலாம். அங்கே கவுண்டரில் 'அன்சியெத்தி' என்று சொன்னால் புரியும். மலாயும் அந்தச் சொல்லைக் கடன் வாங்கி வைத்திருக்கிறது. 21 கேள்விகள் உள்ள ஒரு தாள் கொடுக்கக்கூடும். அதில் ஏழு பதற்றத்துக்கானவை: வாய் உலர்கிறதா, மூச்சு திணறுகிறதா, கை நடுங்குகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா என்று கேட்கும். அது வடிகட்டிப் பார்க்கும் தாள் மட்டும்தான்; நோயை முடிவு செய்வது மருத்துவர். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் அந்த நிமிடமே 15555 என்ற மலேசியச் சுகாதார அமைச்சின் எண்ணுக்கோ, பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929-க்கோ பேசுங்கள்.

அக்கா மருத்துவரிடமும் போனார். நோட்டையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். நெஞ்சு, விரல், வாய் என்று அவர் வரிசையாக எழுதி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, இந்த முறை மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாராம்.