எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இடத்தைப் பாருங்கள்

காலை எட்டரை மணிக்கே சட்டமன்ற உறுப்பினர் அலுவலக வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். ஒருவர் கையில் கல்யாணப் பத்திரிகை. ஒருவர் கையில் பிள்ளையின் மதிப்பெண் சான்றிதழ். இன்னொருவர் பட்டா மாறுதலுக்கு அலைந்த கதையைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். ஓரமாக நாலைந்து பேர், ஊர்ப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிய வெள்ளைத்தாளுடன் நிற்பார்கள். நிழற்குடை வேண்டும், தண்ணீர்த் தொட்டி வேண்டும், ரேஷன் கடைக்குச் சொந்தக் கட்டடம் வேண்டும் என்பது போன்ற மனுக்கள். இந்த விளக்கம் அந்த நாலைந்து பேருக்காக.

அவர்கள் கேட்பது பெரும்பாலும் நடக்கக்கூடிய காரியம்தான். மக்கள் பேச்சில் ‘எம்.எல்.ஏ. நிதி’ என்று புழங்குவதன் முழுப்பெயர் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டம். தமிழ்நாட்டில் ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறையின் பொறுப்பில் நடக்கிறது. ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 2 கோடி ரூபாயாக இருந்தது, 2017இல் இரண்டரைக் கோடியாகவும், 2019-20இல் 3 கோடியாகவும் உயர்ந்தது. 234 தொகுதிகளுக்கும் கணக்குப் போட்டால் 702 கோடி. நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி என்பதால் அவரிடம் போனால்தான் காரியம் ஆகும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கியிருக்கின்றன. அந்த 5 கோடியை ஆறாகப் பிரித்தால் உங்கள் பங்குக்கு ஒரு கோடி கூடத் தேறாது. ஊர் அளவிலான வேலைக்கு எம்.எல்.ஏ.வின் நிதிதான் கிட்டத்தில் இருக்கிறது.

இந்தப் பணம் உறுப்பினரின் கைக்கு வருவதில்லை. டீக்கடை அரசியலில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் நடைமுறை இதுதான். எந்த வேலை, எந்த ஊரில் என்று உறுப்பினர் பரிந்துரைக் கடிதம் தருகிறார். அது மாவட்ட ஆட்சியருக்குப் போகிறது. பொறியாளர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு தயாரிக்கிறார். ஆட்சியர் நிர்வாக அனுமதி வழங்குகிறார். அதன் பிறகு ஊராட்சி ஒன்றியமோ, பேரூராட்சியோ, நகராட்சியோ, சம்பந்தப்பட்ட வேறு துறையோ ஒப்பந்தப்புள்ளி கோரி வேலையை முடிக்கிறது. ஆக, உங்கள் மனு எம்.எல்.ஏ.வின் மேசையில் ஜெயித்தால் மட்டும் போதாது, பொறியாளர் வந்து பார்க்கும்போதும் நிற்க வேண்டும். பெரும்பாலான மனுக்கள் அங்கேதான் படுத்துவிடுகின்றன.

அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுக்கும் பழக்கம் எனக்கு உண்டு. முதன்முதலில் எழுதிய நிழற்குடை மனுவில் வெயிலில் நிற்கும் முதியவர்கள், கைக்குழந்தையோடு காத்திருக்கும் தாய்மார்கள், மழையில் நனையும் பள்ளிப் பிள்ளைகள் என்று உருக்கமாக ஒன்றரைப் பக்கம் எழுதினேன். படித்தவர்கள் பாராட்டினார்கள். சில மாதங்கள் கழித்து வந்த பதிலில், ‘உரிய இடம் கண்டறியப்படவில்லை’ என்று ஒரே வரி இருந்தது. யோசித்துப் பார்த்தால், நிழற்குடை எங்கே வர வேண்டும் என்பதை அந்த ஒன்றரைப் பக்கத்தில் நான் எங்குமே எழுதவில்லை.

இரண்டாவது மனு அரைப் பக்கம்தான். ஊராட்சியின் பெயர், கிராமத்தின் பெயர், புல எண் (சர்வே எண்), நிலத்தின் வகை அரசுப் புறம்போக்கு, சாலையின் தெற்குப் பக்கம், ஆரம்பப் பள்ளிக்கு எதிரே. அந்த நிறுத்தத்தில் நிற்கும் பஸ்களின் தடம் எண்கள். கைப்பேசியில் எடுத்த ஒரு படம். கிராம சபைத் தீர்மானத்தின் நகல். கண்ணீர் ஒரு சொட்டுக் கூட இல்லை. நிழற்குடை வந்தது.

புல எண்ணைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ என்ற அரசு இணையதளத்தில், கிராமத்து நிலங்களின் விவரம் உள்ள அ-பதிவேட்டைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஒரு புல எண்ணில் இருப்பது புறம்போக்கா, தனியார் நிலமா என்பது தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். இதில் இரண்டு எச்சரிக்கைகள். புறம்போக்கு என்றாலே கட்டடம் கட்டலாம் என்று பொருளல்ல. குளம், ஓடை, வாய்க்கால் போன்ற நீர்நிலைப் புறம்போக்கைத் தொடவே கூடாது. அடுத்தது, சாலையோரம் எல்லாம் ஊராட்சிக்குச் சொந்தமானதும் அல்ல. அது நெடுஞ்சாலைத் துறையின் சாலை என்றால் அந்தத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமல் ஒரு செங்கல் வைக்க முடியாது.

இந்த நிதியில் என்னென்ன கேட்கலாம்? பொதுமக்கள் பயன்படுத்தும், நிலைத்து நிற்கும் சொத்து எதுவும் ஆகலாம். வகுப்பறை, பள்ளிச் சுற்றுச்சுவர், அங்கன்வாடி, ரேஷன் கடைக் கட்டடம், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, சிமென்ட் சாலை, உயர்கோபுர மின்விளக்கு. கோயில், மசூதி, தேவாலயம் எதற்கும் இதில் பணம் கிடையாது. நிலம் வாங்க முடியாது. தனியொருவருக்கு உதவித்தொகையோ கடனோ தர முடியாது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்காக வந்து நிற்கும் தகப்பனாரிடம் அலுவலகத்தில் இருப்பவர்கள் இதை முதல் நாளே சொல்லிவிடலாம். ‘பார்க்கலாம்’ என்று சொல்லி நாலு தடவை அலைய விடுவது பெரும் பாவம்.

தனிநபர் வேலை எதற்குமே அந்த அலுவலகம் உதவாது என்றும் சொல்ல முடியாது. முகவரிச் சான்று எதுவும் கையில் இல்லாதவர், ஆதாரில் முகவரி மாற்ற, அதற்கென உள்ள படிவத்தில் சட்டமன்ற உறுப்பினரின் கையெழுத்தும் முத்திரையும் பெற்றுக் கொடுக்கலாம். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கோரிக்கை 3 கோடிக்குள் அடங்காது என்றால் அதற்கு வேறு கதவு. மேம்பாலம், பாலிடெக்னிக், பாதாளச் சாக்கடை போன்ற பெரிய வேலைகளை உறுப்பினர் பேரவையில் கேள்வியாகவோ, துறைகளுக்கான நிதி ஒதுக்கீட்டைப் பேசும் மானியக் கோரிக்கை விவாதத்திலோ எழுப்ப வேண்டும். 2022 ஆகஸ்டில் அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், கட்சி வேறுபாடில்லாமல் எல்லா உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் நிறைவேறாமல் கிடக்கும் பத்து முக்கியக் கோரிக்கைகளை மாவட்ட ஆட்சியரிடம் தரச் சொன்னார். உங்கள் தொகுதிக்காகக் கொடுக்கப்பட்ட பத்து எவை என்று உறுப்பினரிடமே கேட்கலாம். கேட்டுப் பாருங்கள், பல ஊர்களில் அந்தப் பட்டியலைக் கண்ணால் பார்த்தவர் இருக்க மாட்டார்.

அதிகம் பேர் அறியாத கதவு ஒன்றும் இருக்கிறது. தமிழ்நாடு சட்டமன்றப் பேரவைக்கு மனுக்கள் குழு என்று ஒரு குழு உண்டு. உறுப்பினர்களே அதில் இருக்கிறார்கள். மாவட்டம் மாவட்டமாக வந்து, அதிகாரிகளை எதிரே உட்கார வைத்து விசாரிக்கும். குழு வருவதற்கு முன் மாவட்ட ஆட்சியரிடமிருந்து செய்திக்குறிப்பு வரும். நாளிதழின் உள்பக்கத்தில் சின்னதாக வெளியாகும், கண் தவறிவிடக் கூடாது. மனு தமிழில், ஐந்து பிரதிகள், தேதியிட்டுக் கையொப்பத்துடன் கேட்பார்கள். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ஒரே துறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினை என்றால் நல்லது. பட்டா, முதியோர் ஓய்வூதியம், அரசு வேலை, வங்கிக் கடன், நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கு ஆகியவற்றை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் மனு ஆய்வுக்கு எடுக்கப்பட்டால் தகவல் வரும்; நீங்களும் நேரில் போகலாம். உங்கள் ஊர்ப் பாலத்தைப் பற்றி, அதற்குப் பொறுப்பான அதிகாரி உங்கள் முன்னால் பதில் சொல்ல வேண்டிய இடம் அது.

பட்டாவுக்கும் ஓய்வூதியத்துக்கும் எங்கே போவது? ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம், வட்டாட்சியர் அலுவலகத்தில் ஆண்டுக்கொரு முறை நடக்கும் ஜமாபந்தி என்ற வருவாய்க் கணக்குத் தணிக்கை. இரண்டிலும் மனு கொடுத்ததற்கான ரசீதை வாங்காமல் வீடு திரும்ப வேண்டாம்.

நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டியவை கிராம சபை நாட்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அரைப் பக்க மனுவுடன் நான் இணைத்தேனே, அந்தத் தீர்மானம் இப்படியொரு கூட்டத்தில்தான் நிறைவேறியது. ‘ஊரே கேட்கிறது’ என்று வாயால் சொல்வதைவிடத் தீர்மான எண்ணுக்கு மதிப்பு அதிகம்.

காலமும் பார்க்க வேண்டும். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. பிப்ரவரியில் மனுவோடு போனால் அந்த ஆண்டுப் பணம் ஏற்கெனவே பங்கிடப்பட்டிருக்கும். ஏப்ரல், மே மாதங்களிலேயே போய்விடுவது உத்தமம். தேர்தல் அறிவிக்கப்பட்டு நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிட்டால் புதிய வேலைக்கு அனுமதி கிடைக்காது. தொடங்கிய வேலை மட்டும் நடக்கும்.

மூன்று மாதமாகியும் பதில் இல்லையென்றால் அலுவலக வாசலில் மறுபடி நிற்பதைவிடத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வேகமானது. மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்புங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ‘ஏன் செய்யவில்லை?’ என்று கேட்காதீர்கள். ‘இந்த நிதியாண்டில் எங்கள் தொகுதியில் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் பரிந்துரைக்கப்பட்ட பணிகள், அவற்றின் மதிப்பீடு, நிர்வாக அனுமதி தேதி, இன்றைய நிலை ஆகியவற்றின் நகல்கள் தேவை’ என்று கேளுங்கள். வரும் பட்டியலில் உங்கள் ஊர் இல்லாமலும் போகலாம். இல்லாவிட்டால் அடுத்த ஏப்ரலில் போகும்போது அந்தப் பட்டியலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.