டார்போர்: உறக்கமல்ல, ஒடுக்கம்

சில விலங்குகள் குளிரையோ பசியையோ தாண்ட உடலின் இயக்கத்தைத் தாழ்த்திக்கொள்ளும் நிலைக்கு உயிரியலில் ‘டார்போர்’ என்று பெயர். அந்தச் சொல்லைத் தமிழில் பெரும்பாலும் ‘உறக்கநிலை’ என்று எழுதிவிடுகிறோம். ஹைபர்னேஷன் ‘குளிர்கால உறக்கம்’ ஆகிவிட்டதால் இதுவும் அதே தடத்தில் வந்திருக்கிறது. படிக்க எளிது, பொருள்தான் பிசகு. கரடியோ அணிலோ மாதக்கணக்கில் அயர்ந்து தூங்குவதாகப் பிள்ளைகள் மனத்தில் பதிந்துவிடுகிறது.

லத்தீனில் ‘டார்பேரே’ என்றால் மரத்துப்போதல், விறைத்துப்போதல். தொட்ட கையை மரக்கவைக்கும் மின்திருக்கைக்கு ‘டார்பீடோ’ என்று பெயர் வந்ததும் இதே வேரிலிருந்துதான். நீருக்குள் பாயும் வெடிகுண்டு அந்தப் பெயரைப் பிறகு வாங்கிக்கொண்டது. ஹைபர்னேஷனுக்கு மூலமான சொல்லுக்கோ ‘குளிர்காலத்துக்குரிய’ என்றுதான் பொருள். உறக்கம் நாம் சேர்த்தது.

டார்போரில் நடப்பது என்ன? உடல் தன் வெப்பத்தையும் வளர்சிதை மாற்றத்தையும் தானே தாழ்த்திக்கொள்கிறது. அமெரிக்கக் கண்டங்களில் வாழும் ரீங்காரச்சிட்டைப் பாருங்கள். (நம் தோட்டத்துத் தேன்சிட்டு வேறு குடும்பம்.) எடை சில கிராம்தான். உடல் சிறுக்கச் சிறுக்க, எடையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு கூடும். சூடு அந்த வழியே வெளியேறிக்கொண்டே இருக்கும். பகலில் தேன் குடித்து ஈடுகட்டலாம், இரவில் முடியாது. எனவே 40 பாகை செல்சியஸை ஒட்டிய உடல்வெப்பத்தை இறக்கிவிடுகிறது. பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில் ஒரு வகைச் சிட்டின் உடல் 3.3 பாகை வரை தணிந்ததை அளந்து 2020-இல் வெளியிட்டார்கள்.

அலாஸ்காவின் தரை அணில் இன்னும் துணிச்சலானது. வளைக்குள் புல்மெத்தையில், மூக்கை வயிற்றோரம் புதைத்து, வாலைப் போர்த்திப் பந்தாகச் சுருண்டுவிடும். வெப்பம் கசியும் பரப்பு அப்படியே குறைகிறது. அதன் உடல்வெப்பம் உறைநிலைக்கும் கீழே, மைனஸ் 2.9 பாகை வரை போனதாக 1989-இல் பதிவானது. அப்போதும் ரத்தம் உறையவில்லை.

சில வாரங்களுக்கு ஒருமுறை, தோள்பட்டைகளுக்கு இடையிலுள்ள பழுப்புக் கொழுப்பை எரித்து அது உடலைச் சூடேற்றிக்கொள்கிறது. சூடேறியதும் அந்தச் சில மணிநேரத்தில் பெரும்பகுதியைத் தூங்கிக் கழிக்கிறது! டார்போரே தூக்கமாக இருந்தால், அதிலிருந்து வெளியே வந்து தூங்க வேண்டிய தேவை என்ன? ‘உறக்கநிலை’ என்ற சொல் எனக்கு உறுத்தத் தொடங்கியது இங்கேதான்.

நம் கையிலேயே நல்ல சொல் இருக்கிறது: ஒடுக்கம். அடங்கு, அடக்கம் என்பதுபோல ஒடுங்கு, ஒடுக்கம். பிறரை நசுக்கும் ஒடுக்குமுறையோடு இதைக் குழப்ப வேண்டாம், இது தன்வினை. ‘கன்னம் ஒடுங்கிப்போச்சு’ என்கிறோம், அது உருவம். ‘மூச்சு ஒடுங்கியது’ என்கிறோம், அது உயிரின் இயக்கம். சுருண்ட உடலும் தணிந்த மூச்சும் ஒரே சொல்லில் அடங்குவது எனக்குப் பெரிய வியப்பு.

மூச்சு ஒடுங்கினால் சாவுதானே என்று கேட்கலாம். குறள் விடை வைத்திருக்கிறது: ‘ஊக்கம் உடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து’ (486). சண்டைக் கிடா முட்டுவதற்காகப் பின்வாங்குகிறதே, அதுதான் வள்ளுவர் காட்டும் ஒடுக்கம். மீண்டும் எழுவதற்காகச் சுருங்குவது. தரை அணில் அலாஸ்காவின் வசந்தத்துக்காகச் செய்வதும் அதுதான்.

ஆகவே டார்போர் ஒடுக்கம். ரீங்காரச்சிட்டு இரவில் அடைவது நாளொடுக்கம். ஹைபர்னேஷன் குளிர்கால ஒடுக்கம். வறட்சிக்கும் வெயிலுக்கும் தப்ப நத்தை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வது கோடை ஒடுக்கம். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: ‘தரை அணில் ஒடுக்கத்திலிருந்து எழுந்து சற்று நேரம் உறங்கியது.’ ‘உறக்கநிலை’யை வைத்து இதை எழுத முடியாது.