கன்சோல் – ஆட்டப்பெட்டி

‘கன்சோல்’ என்பதை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் சில நேரம் ‘ஆறுதல்’ என்று வரும். ஆறுதல் சொல்வதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல்லுக்கும் அதே எழுத்துகள்தான், குழப்பம் அதனால். இங்கே பேசுவது பெயர்ச்சொல்லைப் பற்றி: தொலைக்காட்சியோடு இணைத்து வீடியோ கேம் ஆடுவதற்கென்றே செய்த கருவி.

பிரெஞ்சில் இது கட்டடக்கலைச் சொல். சுவரிலிருந்து நீண்டு, மேலே உள்ள தட்டைத் தாங்கும் வேலைப்பாடுள்ள துண்டுதான் கன்சோல். கோயில் தூணின் உச்சியில் உத்திரத்தைத் தாங்கும் போதிகையை நினைத்துக்கொண்டால் சட்டென்று பிடிபடும். அப்புறம் சுவரோரம் போடும் மேசை, ஆர்கன் வாசிப்பவர் உட்காரும் விசைமேடை, தரையில் நிற்கும் பெரிய வானொலி, கட்டுப்பாட்டு அறையின் பலகை என்று பொருள் நகர்ந்துகொண்டே போனது.

1972-இல் மேக்னவாக்ஸ் ஒடிசி வந்தது. வீட்டுத் தொலைக்காட்சியில் ஆட வந்த முதல் கருவி. அதில் ஒலி கிடையாது, வண்ணம் கிடையாது. திரையில் சில வெள்ளைப் புள்ளிகளும் ஒரு கோடும்தான். களம் வேண்டுமென்றால், வண்ணம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாளை எடுத்துத் திரைமேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஆட்டத்தைத் தாங்க ஒரு தனிப் பெட்டி வேண்டும் என்ற எண்ணம் அங்கேயே உருவாகிவிட்டது. சோனியின் பிளேஸ்டேஷன் 2 மட்டுமே 16 கோடி அளவுக்கு விற்கும்வரை அந்த எண்ணம் வளர்ந்தது.

இன்று அந்தத் தாங்கல் தளர்கிறது. 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டின் உள்ளேயும் இருப்பது சாதாரணக் கணினிகளின் வழிவந்த சில்லுதான். வட்டைப் போட்டதும் ஆட்டம் தொடங்கிய காலம் போய்விட்டது. முதலில் நிறுவ வேண்டும், பிறகு இணையத்திலிருந்து இறங்கும் திருத்தங்களுக்குக் காத்திருக்க வேண்டும். பிளேஸ்டேஷனுக்கே உரியதாக இருந்த ‘ஹொரைசன் ஜீரோ டான்’ என்ற ஆட்டம் 2020-இல் கணினிக்கு வந்தது. எக்ஸ்பாக்ஸைச் செய்யும் மைக்ரோசாஃப்ட் 2024-இல் தன் ஆட்டங்கள் சிலவற்றைப் பிளேஸ்டேஷனுக்கே கொடுத்தது. இன்னொரு கன்சோல் நிறுவனமான நின்டெண்டோ மட்டும் தன் ஆட்டங்களைத் தன் கருவியிலேயே பெரும்பாலும் வைத்திருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? கணினித்துறையில் ‘முனையம்’, ‘பணியகம்’ என்று எழுதுவோர் உண்டு. முனையம் என்றால் விமான நிலையம் நினைவுக்கு வருகிறது. பணியகம் என்றால் அலுவலகம். இரண்டிலும் விளையாட்டின் வாசனையே இல்லை. ‘நிகழ்பட ஆட்டக் கருவி’ பொருளில் சரி, வாயில் நீளம். தொலைக்காட்சிப் பெட்டி, வானொலிப் பெட்டி என்று சொல்லிப் பழகிய நமக்கு ‘ஆட்டப்பெட்டி’ இயல்பாக வரும். ஒரே வேலைக்கென்று மூடிச் செய்த பொருள் என்ற குறிப்பும் அந்தப் ‘பெட்டி’யில் இருக்கிறது. அதனால்தான் இந்தச் சொல்லை விரும்புகிறேன்.

அதே காரணத்தால், 2022-இல் வந்த, கையில் பிடித்து ஆடும் ஸ்டீம் டெக் போன்றவற்றை ஆட்டப்பெட்டி என்று எழுதக் கூடாது. பார்க்க அப்படித்தான் இருக்கும். உள்ளே ஓடுவது லினக்ஸ் என்ற கணினி இயங்குதளம், விசைப்பலகையை இணைத்தால் கட்டுரைகூட எழுதலாம். அதைக் கையடக்கக் கணினி என்றே சொல்ல வேண்டும்.