மூக்கு தூக்கும் போட்டுக்கு றெக்கையா, டிரிம் டேப்பா?

மலேசியாவின் பாகான் டத்தோவில் என் பட்டறைக்கு ஒரு பக்கம் தென்னந்தோட்டம், மறுபக்கம் செம்பனை. கொஞ்ச தூரம் போனால் பேராக் ஆறு கடலில் கலக்கும் இடம். வார நாளில் தோட்டத்திலும் ஆலையிலும் வேலை, ஞாயிறு என்றால் தூண்டில் என்று வாழ்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். மூன்று நான்கு பேர் கூட்டாகப் பணம் போட்டு ஒரு பழைய பைபர் போட்டை வாங்கி, செம்பிலான் தீவுகள் பக்கம் போய் வருவார்கள். படகின் பின்னால் மாட்டும் ஔட்போர்ட் என்ஜின் பழுது பார்க்கிற என்னிடம் அவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணே, வேகம் கொடுத்ததும் மூக்கு வானத்தைப் பார்க்குது. ஒரு றெக்கை மாட்டிக் கொடுங்க."

றெக்கை என்று நாங்கள் சொல்வது ஹைட்ரோஃபாயில். புரொப்பெல்லருக்கு மேலே கிடையாக ஒரு அலுமினியத் தட்டு இருக்கிறதே, அதன் இரு பக்கமும் போல்ட் போட்டு மாட்டும் பிளாஸ்டிக் இறக்கை. 1919இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் எச்டி-4 படகு மணிக்கு ஏறத்தாழ 114 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியபோது, படகின் உடல் முழுவதும் தண்ணீரை விட்டு எழும்பி இறக்கைகளின் மேல் நின்றது. அதையும் இதையும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. நம் என்ஜினில் மாட்டுவது படகின் பின்பக்கத்தை மட்டும் கொஞ்சம் தூக்கும். பின்பக்கம் எழுந்தால் மூக்கு தானாக இறங்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

மெதுவாகப் போகும்போது படகு தண்ணீரைப் பிளந்துகொண்டு மிதந்து போகிறது. வேகம் கூடக் கூட, தான் எழுப்பிய அலையின் மேலேயே அது ஏற வேண்டியிருக்கிறது. அந்த ஏற்றத்தில்தான் பின்பக்கம் அமுங்கி மூக்கு உயர்கிறது, பெட்ரோலும் தண்ணீராய்க் கரைகிறது. ஏறி முடித்துவிட்டால் படகு படுத்துக்கொண்டு வழுக்கி ஓடும். ஏறுகிற நேரத்தில் என்ஜின் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு முன்னால் எதுவும் தெரியாது. வலை போட்டிருக்கும் சம்பான் தெரியாது, ஆற்றில் மிதந்து வரும் கட்டை தெரியாது. ஆகவே மூக்கு தூக்குவதை நான் சின்னக் குறையாக எடுத்துக்கொள்வதே இல்லை. ஆனால் றெக்கையைக் கையில் எடுக்கும் முன், ஏன் தூக்குகிறது என்று பார்த்துவிடுவேன்.

போன வருடம் ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெரியவர் 18 அடி போட்டு ஒன்றைக் கொண்டு வந்தார். ஏற்கெனவே றெக்கை மாட்டியிருந்தது. மாட்டிய புதிதில் நன்றாக ஓடியதாம், இப்போது மறுபடியும் மூக்கு தூக்குகிறதாம், இன்னும் பெரிய றெக்கை வேண்டுமாம். போட்டை டிரெய்லரில் ஏற்றி நிறுத்திவைத்தேன். இரண்டு நாள் ஆகியும் வடிகால் ஓட்டையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது.

"அங்கிள், உங்க ஆலையில பழ லாரி திம்பாங் போடுற மேடையில இதை ஏத்த முடியுமா?" என்று கேட்டேன். மேலதிகாரியிடம் சொல்லி ஏற்பாடு செய்தார். முதலில் டிரெய்லரும் போட்டும் சேர்த்து ஒரு எடை, அப்புறம் போட்டை இறக்கிவிட்டு வெறும் டிரெய்லர் ஒரு எடை. கழித்துப் பார்த்தால், வாங்கியபோது இருந்த காகிதத்தில் எழுதியிருந்ததைவிட ஏறத்தாழ 180 கிலோ கூடுதல். என்ஜினையும் பேட்டரியையும் முன்னமே கழற்றி வைத்துவிட்டோம், அதனால் அது வேறு எதன் எடையும் இல்லை. மூன்று ஆட்கள் இரவும் பகலும் படகின் அடியில் ஒளிந்து உட்கார்ந்திருப்பது போல.

தரையில் பின்பக்கமாக ஒரு வட்டத் துளை வெட்டிக் கையை விட்டேன். உள்ளே அடைத்திருந்த நுரை, தேநீரில் ஊறிய ரொட்டி மாதிரி பிய்ந்து வந்தது. பிழிந்தால் பழுப்புத் தண்ணீர். படகுக்குள் தண்ணீர் புகுந்தாலும் அதை மிதக்க வைக்க வேண்டிய நுரை அது. கடலில் ஏதாவது ஆகியிருந்தால் அது தாங்கியிருக்காது. றெக்கை அந்த எடையை இரண்டு வருடம் மறைத்து வைத்திருந்தது. பெரியவர் அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பேரப்பிள்ளைங்களை இதிலதான் கூட்டிட்டுப் போனேன் தம்பி" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நனைந்த நுரை எல்லாப் படகிலும் இருக்காது. பெரும்பாலும் காரணம் அதைவிட எளிது. பெட்ரோல் தொட்டி, பேட்டரி, ஐஸ் பெட்டி, இரண்டு ஆள், எல்லாம் பின்னால். ஐஸ் பெட்டியை முன்னால் நகர்த்தினாலே பாதிக் குறை போய்விடும். கைப்பிடியில் ஓட்டும் என்ஜினில், அது சாய்ந்து நிற்கும் கோணத்தை மாற்ற ஒரு பின் இருக்கும். அதை ஒரு துளை படகுப் பக்கமாக மாற்றிப் போட்டால் மூக்கு இறங்கும். பத்து வருடமாக என்ஜின் வைத்திருப்பவர்கள்கூட அந்தப் பின்னைத் தொட்டதே இல்லை என்பதைப் பார்த்திருக்கிறேன். படகு ஓடும்போது மூக்கு குதிரை மாதிரி ஏறி இறங்கி ஆடினாலும் முதலில் தொட வேண்டியது அந்தக் கோணத்தைத்தான். புரொப்பெல்லரின் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம், அதிகமாக இருந்தாலும் படகு ஏறத் திணறும். ஒரு அங்குலம் பிட்ச் குறைத்தால் என்ஜின் சுற்று நிமிடத்துக்கு 150 முதல் 200 வரை கூடும். அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டுவது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் பார்த்த பிறகும் மூக்கு தூக்கினால், சரி, றெக்கையைப் பற்றிப் பேசலாம். சில நூறு வெள்ளியில் முடிந்துவிடும், மின்சாரம் வேண்டாம், 14, 16 அடிப் படகுக்குப் பலன் உண்டு. ஆனால் அந்த அலுமினியத் தட்டு எடை தாங்குவதற்காக வைத்தது இல்லை. மேலிருந்து காற்று இறங்கிப் புரொப்பெல்லர் வெறுமனே சுற்றாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அதில் நான்கு துளை போட்டு, படகின் பின்பக்கத்தையே தூக்கச் சொல்கிறோம். கடல் நீர் வடிந்து வற்றம் இறங்கிய நேரத்தில் ஒருவர் கட்டையில் இடித்து, துளைகளின் வரிசையிலேயே தட்டு பிளந்து வந்ததை என் கையால் கழற்றியிருக்கிறேன். தட்டு தனியாகக் கிடைக்காது, கியர் பெட்டியின் வார்ப்போடு சேர்ந்தது அது. துளை போடாமல் இறுக்கிப் பிடிக்கும் வகையும் விற்கிறார்கள், முடிந்தால் அதையே வாங்குங்கள். துளைதான் போட வேண்டும் என்றால், வெட்டிய அலுமினியத்தில் உப்புத் தண்ணீர் படாதபடி உள்ளே நன்றாகப் பூசி அடைக்க வேண்டும்.

இன்னொன்று, முழு வேகத்தில் அந்தத் தட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். என்ஜின் சரியான உயரத்தில் இருந்தால் தட்டு தண்ணீரின் மேல்மட்டத்தை உரசிக்கொண்டு போகும். ஆழத்தில் புதைந்து ஓடினால் றெக்கை முழு வேகத்திலும் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டே இருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் அதன் தூக்கும் விசை நான்கு மடங்கு. மூக்கு தண்ணீரைக் கொத்த ஆரம்பிக்கும், ஸ்டியரிங் கனக்கும், படகு தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் இழுக்கும்.

றெக்கையால் முடியவே முடியாத ஒரு காரியம் உண்டு. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினால் அதை நிமிர்த்த முடியாது. அங்கேதான் டிரிம் டேப். படகின் பின்பலகையில் இடமும் வலமும் கீல் வைத்து மாட்டிய இரண்டு துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக இறக்கலாம், ஏற்றலாம். பக்கவாட்டுக் காற்றிலும், எல்லோரும் ஒரே பக்கம் உட்கார்ந்துவிட்டபோதும், ஓடிக்கொண்டே சரி செய்யலாம். என்ஜினின் தட்டைத் தொடாமல் படகின் உடம்பிலேயே விசை விழுகிறது என்பதால் எனக்கு இதன் மேல்தான் நம்பிக்கை. அளவுக்கு எல்லோரும் பார்க்கும் கணக்கு, படகின் நீளத்தில் ஒரு அடிக்கு ஒரு பக்கத் தகட்டின் அகலம் ஒரு அங்குலம். 18 அடிப் படகு என்றால் பக்கத்துக்கு 18 அங்குலம், இடம் இருந்தால். விலை ஆயிரக்கணக்கில் போகும், பேட்டரி வேண்டும், பின்பலகையில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே துளை போட வேண்டும். அந்தத் துளையைச் சரியாக அடைக்காவிட்டால் உள்ளே இருக்கும் மரப்பலகை உளுத்துப்போகும்.

மாட்டிக் கொடுத்த மறுநாளே சிலர் போன் செய்வார்கள்: "அண்ணே, ஒயரை மாத்திக் கொடுத்துட்டீங்க. இடது பட்டனை அமுக்கினா வலது தகடு இறங்குது." மாறவில்லை, அது அப்படித்தான். வலது தகடு இறங்கினால் வலது பின்பக்கம் எழும், இடது முன்பக்கம் தாழும். பட்டன் காட்டுவது தகட்டை இல்லை, மூக்கை. ஒயரை நீங்களே மாற்றிவிடாதீர்கள்.

தகட்டை இறக்கியபடியே ரிவர்ஸ் எடுக்காதீர்கள். அதைத் தள்ளும் தண்டு வளைந்துவிடும். கரை சேர்ந்ததும் தகடுகளை முழுக்க மேலே ஏற்றி விடுங்கள். தண்டு உள்ளே போய்விட்டால் அதில் சிப்பி ஒட்டாது.

முகத்துவாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வற்றம் வெளியே ஓட, காற்று கடலிலிருந்து வந்தால், மணல்திட்டுகளின் மேல் குட்டையான செங்குத்து அலை எழும்பும். வெளியே போகும்போது அலையை எதிர்க்கிறோம், மூக்கைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் அடி குறையும். திரும்பி வரும்போது அலை பின்னாலிருந்து தள்ளும். அப்போது மூக்கு இறங்கியிருந்தால், முன்னால் இருக்கும் அலையில் போய்க் குத்தி, பின்பக்கம் பக்கவாட்டில் சுழன்றுவிடும். போகும்போது இறக்கிய தகட்டை வரும்போது ஏற்ற மறந்த ஒருவர் இப்படித்தான் சுழன்றார். என்ஜினை நிறுத்தும் கயிறு மணிக்கட்டில் கட்டியிருந்ததால், அவர் தண்ணீரில் விழுந்ததும் என்ஜின் நின்றுபோனது. பாதுகாப்பு ஜாக்கெட்டும் போட்டிருந்தார். டிரிம் டேப் வைத்தவர் பட்டனை அமுக்கித் தகட்டை ஏற்றிவிடலாம். றெக்கை வைத்தவருக்கு அந்த வசதி இல்லை. என்ஜின் கோணத்தை வெளியே தள்ளி வைத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்துத்தான் உள்ளே வர வேண்டும்.

போட்டை என்னிடமோ, உங்கள் ஊர் மெக்கானிக்கிடமோ கொண்டு போகும்போது வெறும் போட்டாகக் கொண்டு போகாதீர்கள். வழக்கமாகக் கொண்டு போகிற ஐஸ் பெட்டி, நிறைத்த பெட்ரோல் தொட்டி, உங்களோடு வருகிற அந்த மூன்று பேர், எல்லோரும் வரட்டும். அவரவர் வழக்கமான இடத்தில் உட்காரட்டும். ஆற்றில் ஒரு சுற்று போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.