கெட்ட பெயரும் சிவப்பு அட்டையும்

மட்டக்களப்பு வெபர் மைதானத்திலோ கல்முனைப் பக்கத்து உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளிலோ ஒரு பின்கள வீரர் எதிராளியின் காலை வாரிவிட்டால், மத்தியஸ்தர் விசில் ஊதும் முன்பே எல்லைக்கோட்டோரம் தீர்ப்புச் சொல்லப்பட்டுவிடும்: "அவன்ட ஆட்டமே இப்பிடித்தான்." பார்வையாளர் அப்படிச் சொல்வதில் பெரிய கேடில்லை. அதே எண்ணம் தீர்ப்பளிப்பவரின் கண்ணுக்குள்ளும் புகுந்துவிடுவதுதான் கவலைக்குரியது.

உதைபந்தாட்டத்தின் 12ஆவது விதி, பந்துக்கான மோதலை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. கவனக்குறைவாக மோதினால் எதிரணிக்குத் தடையின்றிப் பந்தை உதைக்கும் வாய்ப்பு (ஃபிரீ கிக்) மட்டும் கிடைக்கும். எதிராளிக்கு நேரக்கூடிய ஆபத்தைப் பொருட்படுத்தாமல் மோதினால் மஞ்சள் அட்டை. தேவைக்கு மிஞ்சிய பலத்தோடு மோதி எதிராளியின் உடலுக்கு ஆபத்து விளைவித்தால் சிவப்பு அட்டை. வேண்டுமென்றே செய்தாரா என்ற கேள்வி இந்த மூன்றிலும் இல்லை. ஒரே போட்டியில் திரும்பத் திரும்பத் தவறிழைப்பவருக்கு மஞ்சள் அட்டை காட்டலாம். ஆனால் போன மாதம் வேறொரு மைதானத்தில் அவர் செய்தது இன்றைய அட்டையின் நிறத்தைத் தீர்மானிக்க விதியில் இடமில்லை.

மோதலோ கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. இடையில் ஓடும் வீரர் மறைக்க, கால் பட்டது பந்திலா கணுக்காலிலா என்பது தெளிவில்லாமல் போக, மத்தியஸ்தருக்குக் கிடைப்பது அரைகுறைக் காட்சிதான். விடுபட்ட பகுதியை மூளை தான் ஏற்கெனவே அறிந்ததைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறது. இது நேர்மைக் குறைவன்று. பார்வை என்பதே இவ்வாறுதான் இயங்குகிறது. 2002இல் வெளியான ஓர் ஆய்வில் 38 மத்தியஸ்தர்களுக்கு 50 மோதல் காட்சிகள் காட்டப்பட்டன. நீலச் சட்டை அணி முரட்டு ஆட்டத்துக்குப் பேர்போனது என்று ஒரு பிரிவினருக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. அவர்கள் அந்த அணிக்கு மற்றவர்களைவிட அதிகமான அட்டைகளைக் காட்டினார்கள். தவறு என்று தீர்ப்பளித்த தடவைகளில் மட்டும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கெட்ட பெயர் தவறை உண்டாக்குவதில்லை, தண்டனையின் எல்லைக்கோட்டை நகர்த்துகிறது என்றே இதை நான் விளங்கிக்கொள்கிறேன்.

பெயரைவிடப் பார்வைக்கோணமே வலியது என்பதற்கும் சான்று உண்டு. நெதர்லாந்தின் நைஜல் டி யோங் 2010 மார்ச்சில் ஒரு நட்புப் போட்டியில் அமெரிக்காவின் ஸ்டூவர்ட் ஹோல்டனின் காலை முறித்திருந்தார். அதே ஆண்டு ஜூலையில் நடந்த உலகக் கிண்ண இறுதிப்போட்டியில், பந்தை நோக்கி உயர்ந்த அவருடைய பூட்ஸின் அடிப்பாகம் ஸ்பெயினின் சாபி அலொன்சோவின் மார்பில் நேராகப் பதிந்தது. மத்தியஸ்தர் ஹவார்ட் வெப் காட்டியது மஞ்சள் அட்டை. தமது பார்வை மறைக்கப்பட்டிருந்ததாகவும், அது சிவப்பு அட்டைக்குரிய தவறே என்றும் அவர் பின்னர் கூறினார்.

மத்தியஸ்தர் தீர்ப்பை மறுபடி பார்க்க உதவும் காணொளி முறை (VAR) வந்ததும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் எனப் பலர் நம்பினார்கள். ஆனால் மெதுவாக ஓடும் காட்சி வேறொரு பொய்யைச் சொல்கிறது. நடந்ததைவிட அதிக நேரம் அந்த வீரரிடம் இருந்ததுபோல் தோன்றுவதால், அவர் யோசித்தே செய்தார் என்று பார்ப்பவர் எண்ணத் தொடங்குகிறார். 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைக் காட்டியது. ஐரோப்பிய மத்தியஸ்தர்களிடம் நடத்தப்பட்ட பிறிதோர் ஆய்விலும், மெதுவான காட்சியைப் பார்த்தவர்கள் கடுமையான தண்டனையையே தேர்ந்தார்கள். ஓடிவரும் உடலின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வது; வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். வேகத்தை மறைக்கும் படத்தைக் கொண்டு மோதலின் பலத்தை எடைபோட முடியாது. எனவேதான் கால் எங்கே பட்டது என்பதற்கு மெதுவான காட்சியும், மோதலின் கடுமைக்கு இயல்பான வேகக் காட்சியும் பயன்பட வேண்டும் என்று காணொளி நெறிமுறை வகுத்திருக்கிறது.

அம்பாறை, மட்டக்களப்புக் கழகப் போட்டிகளில் அந்த வசதிக்கு வழியில்லை. அத்துடன் ஒவ்வொரு வீரரின் பெயரும் ஊரும் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் கடுமையாக ஆடுபவர் என்று அறிந்திருந்தால், அவர் பந்தை நெருங்கும்போது மத்தியஸ்தரும் பக்கவாட்டில் இன்னும் அருகே ஓடலாம்; அந்த அறிவின் நல்ல பயன் அது ஒன்றே. அட்டையை எடுக்கும்போது பார்க்க வேண்டியவை வேறு: பாதம் எந்த உயரத்தில் இருந்தது, முழங்கால் விறைத்திருந்ததா, இரு கால்களும் நிலத்தை விட்டு எழுந்தனவா, என்ன வேகத்தில் வந்தார்.

பழைய தவறுகளைக் கணக்கெடுத்துப் போட்டித்தடை விதிப்பது ஒழுக்காற்றுக் குழுவின் வேலை. அங்கேயும் ஓர் ஆபத்து இருக்கிறது. பெயருக்காக இன்று கூடுதலாகக் காட்டப்பட்ட அட்டை, நாளை அதே பெயருக்குச் சான்றாகப் பதிவேட்டில் நிற்கும். பதினேழு வயதில் முரடன் என்று பெயரெடுத்த ஒரு பையனைப் பற்றிய அறிக்கையில் "வழமைபோல" என்ற சொல்லைத் தவிர்த்து, கால் எங்கே, எவ்வளவு வேகத்தில் பட்டது என்பதை மட்டும் மத்தியஸ்தர் எழுதினால், குழுவின் முன் வருவது அந்த ஒரு மோதலாகவே இருக்கும்.