வெளிச்சம் வேறு, வெயில் வேறு

"வெளிச்சம் நல்லா வருது சார், தண்ணியும் தினம் தவறாம ஊத்துறேன், அப்படியும் அழுகிப்போச்சு." சென்னையில் நர்சரி வைத்திருக்கும் எனக்கு இந்த வசனம் மனப்பாடம். சொல்கிறவர்களின் கையில் ஒரு கேரி பை, பைக்குள் ஒரு சின்ன தொட்டி, தொட்டிக்குள் முன்பு ரோஜாப்பூ மாதிரி இருந்த ஒரு எச்சிவேரியா, அதாவது தடித்த இலையில் தண்ணீரைச் சேர்த்துவைக்கும் சக்குலென்ட் வகைச் செடி. போன மாதம் ஒரு அக்கா கொண்டுவந்ததைத் தொட்டுப் பார்த்தேன். கீழ் இலைகள் கண்ணாடி மாதிரி ஆகி, விரல் பட்டதும் அழுகின திராட்சை போலக் கழன்று விழுந்தன. தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினால் தேங்காய் நார்க்கழிவு, அதாவது நாம் கோகோபீட் என்கிறோமே அது, தொட்டியின் வடிவத்திலேயே கட்டியாக வந்து விழுந்தது. பிழிந்தேன், தண்ணீர் சொட்டியது. வேர் எல்லாம் கறுப்பு. எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டால், டிவி பக்கத்தில்.

அந்த அக்கா பொய் சொல்லவில்லை. அந்த இடத்தில் வெளிச்சம் இருக்கத்தான் செய்கிறது, பகலில் லைட் போடாமல் பேப்பர் படிக்கலாம். ஆனால் வெளிச்சம் வேறு, வெயில் வேறு. நம் கண் இருட்டுக்கும் பிரகாசத்துக்கும் தன்னைத் தானே சரிசெய்துகொள்வதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. உச்சி வெயிலில் மொட்டை மாடியில் அளந்தால் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) காட்டும், ஜன்னலிலிருந்து பத்தடி உள்ளே வந்தால் பெரும்பாலான வீடுகளில் சில நூறு லக்ஸ்தான். கருவி எல்லாம் வேண்டாம். நடுப்பகலில் செடி இருக்கும் இடத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கையை நீட்டுங்கள். நிழலில் ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தால் சக்குலென்ட்டுக்கு அது நல்ல இடம். ஓரம் மங்கலாக ஒரு கறை மாதிரி விழுந்தால் ஹவோர்தியா, பாம்புக் கற்றாழை போன்றவை சமாளிக்கும். நிழலே விழவில்லையா, அங்கே பிளாஸ்டிக் செடி வையுங்கள், தப்பே இல்லை.

இன்னும் சிலர் சந்தோஷமாக போட்டோ அனுப்புவார்கள், "ரெண்டே மாசத்துல அரை அடி வளர்ந்துடுச்சு" என்று. பார்த்தால் தண்டு நீண்டு, இலைக்கும் இலைக்கும் நடுவே இடைவெளி விழுந்து, தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து நிற்கும். அது வளர்ச்சி இல்லைங்க, வெயிலைத் தேடி எட்டிப் பார்க்கிறது. அப்படி நீண்ட தண்டு மறுபடி குட்டையாகாது. தலையை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை நான்கைந்து நாள் நிழலில் போட்டுவைத்து, புதிதாக ஊன்றிக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்தது திசை. வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு "தெற்கு ஜன்னல்ல வைக்கச் சொல்றாங்க" என்று வருகிறவர்கள் அதிகம். லண்டனிலும் நியூயார்க்கிலும் வருடம் முழுக்க உச்சி வெயில் தெற்கிலிருந்துதான் வரும், அவர்களுக்கு அது சரி. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. இங்கே ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்து, அதன்பின் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகலில் வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கும். மேலே கூரை உள்ள தெற்கு பால்கனிக்கு அந்த மாதங்களில் வெயில் ஏறக்குறைய எட்டிப் பார்க்காது. மார்கழியில் அதே பால்கனி வழியாக வெயில் வீட்டுக்குள்ளேயே வந்து விழும். வடக்கு பால்கனிக்கு இது தலைகீழ். அதனால் ஒரே இடத்தில் வருடம் முழுக்க வைத்துவிட்டு, தைமாதம் நன்றாக இருந்த செடி ஆனியில் ஏன் நீள்கிறது என்று குழம்ப வேண்டாம், தொட்டியைத் தூக்கி இடம் மாற்றுங்கள். கிழக்கு பால்கனி கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். காலை ஆறரையிலிருந்து பத்து வரை வரும் வெயில் பெரும்பாலான சக்குலென்ட்களுக்குப் போதும். மேற்கு என்றால் கோடையில் ஒரு பச்சை நிழல்வலை கட்டிவிடுங்கள்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே டிவி பக்கத்திலிருந்து மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவிடாதீர்கள்! ஒரு வாடிக்கையாளர் சித்திரை மாதத்தில் அப்படிச் செய்தார். ஒரே மதியம், இலை முழுக்க வெள்ளைத் திட்டு. அந்தத் தழும்பு ஆறவே ஆறாது, அந்த இலை உதிர்ந்து புது இலை வந்தால்தான் உண்டு. முதல் மூன்று நாள் காலையில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று பத்துப் பதினைந்து நாளில் பழக்குங்கள்.

சரி, தண்ணீர். "வாரத்துக்கு எத்தனை தடவை?" என்ற கேள்விக்கு நான் பதிலே சொல்வதில்லை. அக்னி நட்சத்திரத்துக்கும் ஐப்பசி மழைக்கும் ஒரே கணக்கா? ஊதுபத்தி எரிந்து முடிந்த குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி, ஐந்து நிமிடம் கழித்து எடுங்கள். ஈரம் ஒட்டியிருந்தால் தொட வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக ஒழுகும்வரை ஊற்றிவிட்டு, மறுபடி முழுதாகக் காயும்வரை மறந்துவிடுங்கள். ஸ்பூனில் ஊற்றுவது, ஸ்ப்ரே அடிப்பது எல்லாம் வேருக்குப் போய்ச் சேராது. தாகத்தில் இருக்கும் இலை சுருங்கி வளையும், ஊற்றினால் ஓரிரு நாளில் நிமிர்ந்துவிடும். தண்ணீர் கூடிப்போன இலை மஞ்சளாகிக் குழையும், அதைத் திருப்புவது கஷ்டம். துளை இல்லாத கண்ணாடிக் கிண்ணத்தில் நட்டு விற்கிறார்களே, அது அன்பளிப்பு கொடுக்க நன்றாக இருக்கும், செடிக்கு நல்லதில்லை. அடியில் கூழாங்கல் போட்டாலும் பயனில்லை, மண் ஈரம் கல்லுக்கு மேலேயே தங்கிவிடும்.

நர்சரிகளில் கோகோபீட்டில் வைத்து விற்பது எடை குறைவு, லாரியில் ஏற்ற வசதி என்பதற்காக. நானும் அப்படித்தான் விற்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்குப் போனதும் மாற்றிவிடுங்கள். ஒரு பங்கு செம்மண், இரண்டு பங்கு சொரசொரப்பான பொருள். கழுவின ஆற்று மணலோ, பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல்துகளோ, கடலைப்பருப்பு அளவுக்கு உடைத்த செங்கல்லோ எதுவானாலும் சரி. எம் சாண்ட் என்றால் தூசி போக அலசிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் இறுகிப்போகும். தொட்டி மண் தொட்டியாக இருந்தால் இன்னும் நல்லது.

இந்தச் செடிகள் பல பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு ராத்திரியில்தான் திறந்து கரியமில வாயுவை இழுத்து, அமிலமாகச் சேர்த்துவைக்கும். நம் ஊர் ரணகள்ளி, அதுதான் "கட்டிப்போட்டால் குட்டி போடும்" செடி, அதன் இலை காலையில் புளிக்கிறது, மதியம் சப்பென்று ஆகிவிடுகிறது என்று கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன் எழுதி, 1815இல் லண்டனில் அச்சானது. (நீங்கள் தின்று பார்க்க வேண்டாம்.) ராத்திரி குளிர்ந்தால்தான் இந்த வேலை ஒழுங்காக நடக்கும். மெக்சிகோ மலைப்பகுதியைச் சேர்ந்த எச்சிவேரியா ஊட்டியிலும் பெங்களூரிலும் ஜொலிப்பதும், சென்னையின் புழுங்குகிற ராத்திரியில் திணறுவதும் அதனால்தான். இங்கே முதல்முறை வளர்க்கிறவர்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பது ஹவோர்தியா, பாம்புக் கற்றாழை, கடைகளில் ஜேட் என்றே விற்கப்படும் போர்ச்சுலகேரியா, முழு வெயில் உள்ளவர்களுக்குப் பாலைவன ரோஜா என்கிற அடீனியம். அடீனியத்தையும் கள்ளி வகைகளையும் வெட்டும்போது பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கை கழுவாமல் முகத்தைத் தொடாதீர்கள். அடீனியம் பால் ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவின விஷம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் எல்லாத் தொட்டிகளையும் கூரைக்கு அடியில் இழுத்துவிடுங்கள், வெயில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

அந்த அக்காவின் செடி பிழைக்கவில்லை. அழுகாத இலை மூன்றைக் கழற்றிக் காய்ந்த மணல் மேல் போட்டுவைத்தேன். ஒன்று கறுத்துவிட்டது, இரண்டில் ரோஸ் நிறத்தில் நூல் மாதிரி வேர் வந்து, நுனியில் மிளகு அளவுக்குக் குட்டி இலை தெரிகிறது. டிவி பக்கத்துக்கு ஒரு பாம்புக் கற்றாழை கொடுத்து அனுப்பியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பால்கனியில் வையுங்கள் என்று சொல்லி.