அஃபேசியா: பேச்சிழப்பா, மொழிக்குலைவா?

பக்கவாதம் என்றதும் நம் மனம் கைக்கும் காலுக்கும்தான் போகிறது. சொல்லே அப்படி: உடம்பின் ஒரு பக்கத்தைப் பிடித்த வாதம். பார்க்க வருபவர்களும் "கையைத் தூக்குறாரா? நடக்குறாரா?" என்றுதான் கேட்கிறார்கள். நோயாளி தன் மனைவியின் பெயரைத் தேடித் தவிப்பது அந்தச் சொல்லுக்குள் அடங்குவதில்லை. மூளை பாதிக்கப்பட்டு மொழி தடுமாறும் அந்தத் தவிப்புக்கு மருத்துவம் வைத்த பெயர் அஃபேசியா.

கிரேக்கத்தில் 'அ' என்பது இன்மை. பின்பகுதி பேச்சைக் குறிப்பது. 1861-இல் பாரிசுக்கு அருகே பிசெத்ர் மருத்துவமனையில் பால் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். என்ன கேட்டாலும் "தான், தான்" என்ற ஒரே அசைதான் பதில். ஆனால் மற்றவர்கள் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது. அவர் இறந்தபின் திறந்து பார்த்தால், மூளையின் இடப்பக்க முன்பகுதி சிதைந்திருந்தது. புரோக்கா இதற்கு 'அஃபெமி' என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் அது அவப்பெயரைக் குறிக்கும் என்று தெரிந்ததும், 1864-இல் துருசோ என்ற மருத்துவர் 'அஃபாசி' என மாற்றினார்; அதுதான் ஆங்கிலத்தில் அஃபேசியா.

1874-இல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர் இன்னொரு வகையை விவரித்தார். இந்த வகை நோயாளிகள் தடையில்லாமல் பேசுவார்கள். சொற்கள்தான் மாறிமாறி வந்து விழும், பிறர் பேச்சும் சரியாகப் புரியாது. வீட்டில் இவர்களைத்தான் "புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வலிக்கும் தவறு இது. அறிவு அப்படியே இருக்கலாம், வழிதான் அடைபட்டிருக்கிறது.

சரி, தமிழில்? 'பேச்சிழப்பு' என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இந்த நிலையில் படிப்பதும் எழுதுவதும்கூடத் தடுமாறும். நாக்குழறல் வேறு: அங்கே தளர்வது தசைகள், மொழி கெடுவதில்லை, சொல்ல வராததை எழுதிக் காட்டலாம். 'பேச்சிழப்பு' இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. 'மொழியிழப்பு' கொஞ்சம் நெருங்குகிறது, ஆனால் ஒரு சமூகம் தன் மொழியைக் கைவிடுவதற்கும் அதே சொல். தவிர, இழப்பு என்றால் திரும்பாது என்ற தொனி. பயிற்சியால் பலருக்கு ஓரளவாவது மொழி மீள்கிறது. அதனால் என் தேர்வு 'மொழிக்குலைவு'.

'தண்ணி' என்ற சொல் வராதவர், பழகிய பாட்டின் வரியை முழுதாகப் பாடிவிடுவதுண்டு. ஒன்று, இரண்டு என்று எண்ணிவிடுவதும் உண்டு. இதைப் பிடித்துக்கொண்டு 1970-களில் பாஸ்டனில் ஒரு முறை உருவானது: வேண்டிய சொற்றொடரை ராகமாக இழுத்து, இடக்கையால் தாளம் தட்டிச் சொல்லவைப்பது. வீட்டில் செய்யக்கூடியது இன்னும் எளிது. சின்ன வாக்கியமாகப் பேசுங்கள், ஆமாம் இல்லை என்று பதில் வரும்படி கேளுங்கள், படம் காட்டுங்கள். அவர் தேடும் சொல்லை அவசரப்பட்டு நீங்கள் முடிக்காதீர்கள்.

அப்புறம் மனச்சோர்வு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. மொழி குலைந்தவரால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. சாப்பாடு, தூக்கம், முகம் இவற்றைப் பார்த்துத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும். மருந்தும் ஆலோசனையும் இருக்கின்றன. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் பிசியோதெரபிக்கு எழுதும்போதே, பேச்சுப் பயிற்சியாளருக்கும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.